காற்றின் பாரமும் குழந்தையின் கேள்வியும்

குழந்தைகளுக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டிய பூதங்கள் ஐந்தனுள் காற்றைப் போலப் பிரயாசை தருவது வேறொன்று இல்லை. மண்ணை அள்ளிக் கையில் கொடுத்துவிடலாம். நீரை ஊற்றிக் காட்டலாம். தீயைச் சற்றுத் தூரத்தில் நிறுத்தி அதன் வெம்மையை உணரச் செய்யலாம். காற்றையோ, ரூபம் இல்லாதது, ஸ்பரிசத்தினால் மாத்திரமே உண்டென்று அநுமானிக்கத் தக்கது என்று நம் தார்க்கிகர்களே வரையறுத்து வைத்தார்கள். வீசுகிறபோதுதான் அது இருப்பதாகக் குழந்தை ஒப்புக்கொள்கிறது. வீசாமல் நிற்கிற காற்று அதன் கணக்கில் சேர்வதே இல்லை. பெரியவர்களாகிய நாமும் சாமான்களை வெளியேற்றிவிட்ட அறையைக் காலி அறை என்றும், குடித்து வைத்த டம்ளரைக் காலி டம்ளர் என்றும் சொல்லிப் பழகியவர்கள். நான்கு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள அந்தக் காலி அறைக்குள் 40 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள ஒரு பதார்த்தம் நிறைந்து நிற்கிறது என்பதை, பள்ளியில் படித்துத் தேறிய பிறகும், நம்மில் எத்தனை பேர் மனமார நம்புகிறோம் என்பது சந்தேகமே.

ஆகவே வீட்டில் காற்றைப் பற்றி ஏதேனும் செய்துகாட்ட விரும்புகிற தாயோ தந்தையோ ஆசிரியரோ ஒரு வாளித் தண்ணீரும் ஒரு டம்ளரும் கொண்டு தொடங்குவதே முறை. உலர்ந்த காகிதத்தைக் கசக்கி, கீழே விழாதபடி டம்ளரின் அடியில் இறுக்கி வைத்து, டம்ளரைச் சாய்க்காமல் நேராகக் கவிழ்த்து வாளியின் அடிவரைக்கும் அமிழ்த்தி, அப்படியே நேராக மேலே எடுத்தால், காகிதம் நனையாமல் வரும். அடுத்த முறை, நீருக்குள் இருக்கும்போதே டம்ளரைச் சற்றுச் சாய்த்துவிட்டால், குபுக்கென்று ஒரு குமிழி புறப்பட்டுப் போக, அது விட்டுச் சென்ற இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும். காலியென்று நினைத்த பாத்திரத்தில் அதுவரை குடியிருந்தது எது என்பது அந்தக் கணத்தில் பிரத்தியட்சமாகிவிடுகிறது. இதற்கு மேல் அன்றைக்கு எதையும் சொல்ல வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். குழந்தை அதையே திரும்பத் திரும்பச் செய்து பார்க்கும், தரை முழுவதும் ஈரமாகும், செய்யட்டும்.

இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது ஒன்று, அழுத்துவது வேறொன்று. கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீதும் காற்று ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்குச் சமமான பலத்தோடு அழுத்துகிறது. குழந்தையின் விரித்த உள்ளங்கை 50 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதன்மேல் 50 கிலோ பாரம். இந்த எண்ணைச் சொன்னவுடன் புத்தியுள்ள குழந்தை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்படியானால் எனக்கு ஏன் கனக்கவில்லை என்று கேட்கும். உள்ளங்கையை மேலிருந்து அழுத்துகிற அதே பலத்தோடு புறங்கையைக் கீழிருந்தும் காற்று தாங்குகிறது, காற்றின் அழுத்தத்துக்கு மேல், கீழ், பக்கம் என்ற பேதம் கிடையாது என்று பதில் சொல்லலாம். ஆனால் அந்தப் பதில் சொல்லாகவே நின்றுவிடும். அதைக் கண்ணால் காட்டுவதற்கு ஓர் அஞ்சலட்டை இருந்தால் போதும்.

டம்ளரை விளிம்புவரை நீரால் நிரப்பி, அட்டையால் மூடி, அட்டையைக் கையால் தாங்கிக்கொண்டே கவிழ்த்துப் பின்பு கையை எடுத்துவிட்டால், நீர் விழாமல் நிற்கிற அதிசயத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். பத்து சென்டிமீட்டர் உயரமுள்ள நீரைத் தாங்குவது காற்றுக்கு ஒரு பொருட்டே அன்று. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு டம்ளர் செய்து கவிழ்க்க முடியுமானால் அதையும் அது தாங்கும். ஆனால் இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாதி டம்ளர் மாத்திரம் நீரை வைத்துக்கொண்டு கவிழ்த்தாலும் அட்டை விழுவதில்லை. அப்பொழுது நீருக்கு மேலே டம்ளருக்குள் அடைபட்டிருக்கும் காற்றும் வெளிக்காற்றின் அளவுக்கே கீழ்நோக்கி அழுத்துமே. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டால் நீரின் பாரத்தைத் தாங்குவது யார்? வெளிக்காற்று மேல்நோக்கி அழுத்துகிறது என்ற ஒற்றை வாக்கியத்தோடு நின்றுவிடுகிற நூல்கள் இந்தக் கேள்விக்கு விடை சொல்வதில்லை. உண்மையில் நடப்பது இது: கவிழ்த்தவுடன் நீரும் அட்டையும் மயிரிழை அளவு கீழே இறங்குகின்றன, உள்ளே அடைபட்ட காற்று அந்த அளவுக்கு விரிந்து தன் அழுத்தத்தில் சிறிது இழக்கிறது, ஐந்து சென்டிமீட்டர் நீரைத் தாங்குவதற்கு இருநூற்றில் ஒரு பங்கு இழந்தால் போதும், அதற்கு அட்டை கால் மில்லிமீட்டர் இறங்கினால் போதும். அட்டைக்கும் விளிம்புக்கும் இடையே ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலம் வெளிக்காற்றை உள்ளே நுழையவிடாமல் காக்கிறது. இவ்வளவையும் ஏழு வயதுக் குழந்தைக்கு உபதேசிக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. ஆனால் பாதி டம்ளரில் செய்து பார்க்கலாமா என்று அந்தக் குழந்தை கேட்டால், அது புத்தகத்தைவிட ஒரு படி முன்னே போய் நிற்கிறது என்பதைப் பக்கத்தில் இருக்கும் பெரியவர் அறிந்திருக்க வேண்டும்.

காற்றின் அழுத்தத்தைப் பற்றிய எல்லாப் பரிசோதனைகளும் கடைசியில் ஒரே உண்மையைத்தான் வெவ்வேறு வேஷங்களில் காட்டுகின்றன: இழுக்கிறோம் என்று நாம் நினைக்கிற இடங்களிலெல்லாம் தள்ளுதல்தான் நடக்கிறது. பப்பாளி இலையின் காம்பை நறுக்கிக் குழலாக்கி நீரை உறிஞ்சுகிற சிறுவன், தன் வாய் நீரை மேலே இழுப்பதாகவே நம்புகிறான். அவனுடைய வாய் செய்வது குழலுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தைக் குறைப்பது மாத்திரமே. பாத்திரத்தில் உள்ள நீரின் முகத்தை அழுத்திக் குழலுக்குள் ஏற்றுவது வெளிக்காற்று. அவன் நம்பாவிட்டால், குழலை ஒரு பாட்டிலுக்குள் விட்டு, பாட்டிலின் வாயில் குழலைச் சுற்றிப் பிசைந்த கோதுமை மாவை இடைவெளியின்றி அப்பி, இப்பொழுது குடி என்று சொல்ல வேண்டும். கன்னம் ஒட்ட உறிஞ்சினாலும் முதல் வாய்க்கு மேல் நீர் ஏறாது. மாவில் ஓர் ஊசித்துளை இட்டுவிட்டால் ஏறும். இழுக்கிற வாய் அதே வாய்தான். தள்ளுகிற காற்றுக்கு வழி இருந்ததா இல்லையா என்பதே வித்தியாசம். இங்க் ஃபில்லரின் ரப்பர் குமிழை அழுத்திப் பின் விட்டால் மை ஏறுவதும் இதனால்தான். ஒரு பரிசோதனையில் குழந்தைக்கு இது மனத்தில் பதிந்துவிட்டால், மற்றவற்றை அது தானாகவே கண்டுகொள்ளும்.

இந்த விளையாட்டு மிகப் பழமையானது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் அக்ரகாஸ் நகரில் வாழ்ந்த எம்பெடோக்ளிஸ் என்ற தத்துவஞானி, அடியில் பல சிறு துளைகளும் மேலே ஒடுங்கிய வாயும் உடைய வெண்கலப் பாத்திரம் ஒன்றை வைத்து விளையாடுகிற ஒரு சிறுமியைத் தம் செய்யுளில் வருணித்திருக்கிறார். மேல்வாயைக் கையால் மூடிக்கொண்டு நீரில் அமிழ்த்தினால் நீர் உள்ளே புகுவதில்லை. கையை எடுத்தால் புகுகிறது. நிரம்பிய பின் மறுபடி மூடித் தூக்கினால், அடியில் இத்தனை துளைகள் இருந்தும், நீர் கீழே விழுவதில்லை. சுவாசம் எவ்வாறு நடைபெறுகிறது என்ற பெரிய பிரச்சினைக்கு அவர் திருஷ்டாந்தமாக எடுத்துக்கொண்டது அந்தச் சிறுமியின் விளையாட்டை. விஞ்ஞான சரித்திரத்தில் காற்றைப் பற்றிய மிகப் பழைய பரிசோதனைக் குறிப்புகளுள் ஒன்றில் ஒரு குழந்தை இருக்கிறாள் என்பதை நினைக்கும்போது எனக்கு உள்ளம் பூரிக்கிறது. பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஊசியால் துளைகள் இட்டு, மூடியைத் திருகியும் திறந்தும் நம் குழந்தைகள் இன்றைக்கும் அதையே செய்யலாம்.

அந்தச் சிறுமியின் பாத்திரத்திலிருந்து காற்றுக்குப் பாரம் உண்டு என்ற தெளிவுக்கு வந்து சேர மனித ஜாதிக்கு இரண்டாயிரம் ஆண்டுகள் பிடித்தன. இயற்கை சூனியத்தை வெறுக்கிறது, ஆதலால் காலி இடத்தை நிரப்ப நீர் தானே ஓடிவருகிறது என்ற பழைய சித்தாந்தம் அதுவரை ஆட்சி செய்தது. ஆனால் இத்தாலியில் கிணறு தோண்டிப் பம்பு வைத்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது: எவ்வளவு நேர்த்தியாகச் செய்த உறிஞ்சு பம்பும் ஏறக்குறைய பத்து மீட்டருக்கு மேல் நீரை ஏற்றாது. சூனியத்தின்மேல் இயற்கைக்கு இருந்த வெறுப்பு பத்து மீட்டரோடு தீர்ந்துவிடுமா? கலிலியோவே 1638-இல் வெளிவந்த தம் நூலில் இதை ஆராய்ந்து, மிக நீண்ட கயிறு தன் பாரத்தினாலேயே அறுந்துவிடுவது போல நீர்த்தூணும் அறுந்துவிடுகிறது என்று சமாதானம் கூறினார். அந்த மகா மேதை இழுப்பவன் பக்கத்திலிருந்தே பார்த்தார். அவர் 1642-இல் மறைந்து சில ஆண்டுகளுக்குள், அவருடைய கடைசி நாள்களில் அவருக்குத் துணையாக இருந்த டாரிசெல்லி மறுபக்கத்திலிருந்து பார்த்தார். நீரைப்போல் 13.6 மடங்கு கனமான பாதரசத்தை ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயில் நிரப்பிக் கவிழ்த்தபோது, அது 76 சென்டிமீட்டர் உயரத்தில் வந்து நின்றது. பத்து மீட்டர் நீரும் 76 சென்டிமீட்டர் பாதரசமும் ஒரே எடை. அவற்றைத் தாங்குகிற வெளிக்காற்றின் அழுத்தமும் ஒன்றே. காற்றுக்கடலின் அடித்தளத்தில் மூழ்கி வாழ்கிறோம் நாம் என்று 1644-இல் அவர் ஒரு நண்பருக்கு எழுதினார். (பாதரசம் நஞ்சு, அதை வீட்டுப் பரிசோதனைகளில் சேர்க்கவே கூடாது.)

கொங்கு நாட்டுக் கிணறுகளில் பம்புசெட்டைக் கரையில் வைக்காமல், கிணற்றுக்குள்ளே மேடை கட்டி நீர்மட்டத்தை ஒட்டி இறக்கி வைத்திருப்பதைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். நீர் கீழே போகப் போக மோட்டாரும் கீழே இறங்க வேண்டியிருந்தது. டாரிசெல்லியின் பெயரைக் கேட்டிராத அந்த விவசாயிகள், மேலே தள்ளுவதற்கு எல்லை இல்லை, உறிஞ்சுவதற்கு எல்லை உண்டு என்ற தத்துவத்தை அநுபவத்தில் கண்டு நடந்துகொண்டார்கள். அப்படிப்பட்ட கிணற்றுக்கு அருகில் வளர்கிற குழந்தைக்குப் பாடப்புத்தகத்தில் உள்ள படத்தைக் காட்டுவதைவிடக் கிணற்றைக் காட்டி, மோட்டார் ஏன் உள்ளே இருக்கிறது என்று கேட்பது மேல்.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். தட்டில் நீரூற்றி, நடுவில் மெழுகுவத்தியை ஏற்றி, அதன்மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால், சுடர் அணைந்து டம்ளருக்குள் நீர் ஏறுகிறது. பள்ளிக் கண்காட்சிகளில் இதைக் காட்டாத ஆண்டு இல்லை. பக்கத்தில் நிற்கிற மாணவர் ஒப்புவிக்கிற விளக்கமும் மாறுவதில்லை: காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு, சுடர் அதை எரித்துத் தீர்த்துவிட்டது, தீர்ந்த இடத்தை நீர் நிரப்புகிறது. கேட்பதற்கு இனிமையாகவும் கணக்குக்குப் பொருத்தமாகவும் இருக்கிற இந்த விளக்கம் பெரும்பாலும் பிழையானது. மெழுகு எரியும்போது பிராணவாயு சூனியமாய்ப் போவதில்லை. அதன் கன அளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கரியமிலவாயுவாக டம்ளருக்குள்ளேயே திரும்பி வந்து இருக்கிறது. அன்றியும் பிராணவாயு முழுவதும் தீரும்வரை சுடர் எரிவதும் இல்லை. 21 சதவீதம் இருந்தது சுமார் 16 சதவீதமாகக் குறையும்போதே அணைந்துவிடுகிறது. நீர் ஏறுவதற்கு முக்கியக் காரணம் சூடு. சுடரின் வெம்மையால் விரிந்த காற்றில் ஒரு பகுதி டம்ளரைக் கவிழ்க்கும்போதே வெளியேறிவிடுகிறது; சுடர் அணைந்ததும் மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது; உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று தட்டிலுள்ள நீரை உள்ளே தள்ளுகிறது.

இதை நான் சொல்கிறேன் என்பதற்காக யாரும் ஏற்க வேண்டியதில்லை. அதுவே இந்தப் பரிசோதனையின் பெருமை. சுடர் எரிகிறபோது நீர் எவ்வளவு ஏறுகிறது, அணைந்த பிறகு எவ்வளவு ஏறுகிறது என்று கவனித்துப் பார்க்கலாம். பிராணவாயு எரிவதுதான் காரணமானால் எரியும்போதே சிறிது சிறிதாக ஏற வேண்டும், ஆனால் நீர் வேகமாக ஏறுவது அணைகிற தருவாயிலும் அதற்குப் பின்னும்தான். டம்ளரின் விளிம்பில் குமிழிகள் தப்பிச் செல்கின்றனவா என்று பார்க்கலாம். ஒரு மெழுகுவத்திக்குப் பதில் இரண்டு, மூன்று ஏற்றிப் பார்க்கலாம். டம்ளருக்குள் பிராணவாயு அதே அளவுதான், ஆயினும் நீர் முன்னிலும் உயரமாக ஏறும். கடைசியாக, மெழுகுவத்தியே இல்லாமல், டம்ளரைச் சுடுநீரில் அலசி உடனே தட்டில் கவிழ்த்துப் பார்க்கலாம். எரிந்த பொருள் எதுவும் இல்லை, நீர் ஏறுகிறது. தீயும் சுடுநீரும் உள்ள இடத்தில் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பதைத் தவிர இவற்றுக்கு வேறு எந்தச் செலவும் சிரமமும் இல்லை.

காண்டல், கருதல், உரை என்று மூன்று அளவைகளை வகுத்த மரபில் வந்தவர்கள் நாம். நேரில் காண்பதும், கண்டதிலிருந்து காணாததை அநுமானிப்பதும், நம்பத் தக்கவர் சொல்லை ஏற்பதும் அறிவுக்கு வாயில்கள் என்று நம் நூலோர் ஒத்துக்கொண்டார்கள். அந்த வரிசையில் காண்டல் முதலிலும் உரை கடைசியிலும் நிற்கின்றன. நம் பள்ளிகளிலும் வீடுகளிலும் விஞ்ஞானம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டு வருகிறது. முதலில் உரை வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதற்குச் சாட்சி சொல்லக் காண்டல் அழைக்கப்படுகிறது. கருதலுக்கு வேலையே இல்லை. மெழுகுவத்தி விஷயத்தில் சாட்சி உண்மையில் எதிராகவே பேசிக்கொண்டிருந்தும், தலைமுறை தலைமுறையாக அதன் வாயை அடைத்து வைத்திருக்கிறோம். ஒரு பரிசோதனையைச் செய்து முடிப்பதற்குள் அதற்கு விளக்கம் சொல்லிவிடுகிற பெரியவர், விளக்கம் சரியாகவே இருந்தாலும், குழந்தையிடமிருந்து எதையோ பறித்துக்கொள்கிறார் என்றே நான் கருதுகிறேன்.

ஒரு பரிசோதனையை எப்படி நேர்மையாகச் செய்வது என்பதற்குக் காற்றழுத்தத்தின் சரித்திரத்திலேயே அழகான உதாரணம் இருக்கிறது. காற்றுக்கடலின் அடியில் அழுத்தம் அதிகம் என்றால் மேலே போகப் போகக் குறைய வேண்டுமல்லவா? இருபத்து நான்கு வயதுப் பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்கல் இந்த எண்ணத்தைத் தம் அக்காளின் கணவர் பெரியேக்கு எழுத, அவர் 1648 செப்டம்பர் 19 அன்று பாதரசக் குழாயோடு பிரான்ஸின் நடுவே உள்ள பியூய் தெ டோம் மலைமேல் ஏறினார். உச்சியில் பாதரசம் எட்டு சென்டிமீட்டர் அளவு தாழ்ந்து நின்றது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது மலையேற்றம் அன்று. ஏறுவதற்கு முன் அவர் மற்றொரு குழாயை ஊரில் ஒரு மடத்தில் நிறுத்தி, ஒரு துறவியை நாள் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குழாயில் பாதரசம் அசையவில்லை. மாறியது மலையின் உயரத்தாலா, அன்றைய வானிலையாலா என்ற சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. ஊட்டிக்குச் சுற்றுலா போகிற நம் குழந்தைகளும் இதைச் செய்யலாம். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் நான்கில் மூன்று பங்கைச் சற்றே தாண்டும். அங்கே குடித்து முடித்த பிளாஸ்டிக் பாட்டிலை இறுக மூடி வைத்துக்கொண்டு மலையிறங்கினால், மேட்டுப்பாளையம் வருவதற்குள் அது நெளிந்து சுருங்கியிருக்கும். மற்றொரு பாட்டிலை மூடாமல் கொண்டுவந்தால், பெரியே மடத்தில் நிறுத்திய குழாயின் வேலையை அது செய்யும்.

பலூன் தோலை ஜாடியின் வாயில் கட்டி, அதன்மேல் துடைப்பக்குச்சி ஒட்டிச் செய்கிற வீட்டுக் காற்றழுத்தமானியைப் பல நூல்கள் சிபாரிசு செய்கின்றன. அறையின் வெப்பம் மாறினாலே அந்தக் குச்சி நகரும். அழுத்தத்தைவிட வெப்பத்துக்கே அது அதிகமாகக் கட்டுப்படுகிறது. செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை, இதையும் சோதித்துக்கொண்டு செய்யட்டும் என்கிறேன். ஜெர்மனியில் மாக்டெபுர்க் நகரத்தின் மேயராக இருந்த ஆட்டோ வான் கெரிக்கே தம் வீட்டிலேயே பத்து மீட்டர் உயரத்துக்கு நீராலான ஒரு காற்றழுத்தமானி அமைத்து, நீரின் முகத்தில் ஒரு சிறிய மரப்பொம்மையை மிதக்கவிட்டிருந்தார். காற்றழுத்தம் ஏறினால் பொம்மை உயரும், இறங்கினால் தாழும். 1660-இல் அது வழக்கத்துக்கு மீறித் தாழ்ந்ததைக் கண்டு ஒரு பெரும்புயலை அவர் முன்கூட்டியே சொன்னார். உள்ளிருந்த காற்றை நீக்கியபின் எட்டுக் குதிரைகள் ஒரு பக்கமும் எட்டுக் குதிரைகள் மறுபக்கமும் இழுத்தும் பிரியாத செப்பு அரைக்கோளங்களால் உலகப் புகழ் பெற்றவர் அவரே. முப்பது ஆண்டுப் போரில் 1631-இல் எரிந்து சாம்பலான நகரத்தின் குடிமகன் அவர் என்பதும் நினைவில் வைக்கத் தக்கது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று வானொலி சொல்லும்போது, அந்தப் பொம்மை தாழ்ந்த கதையைக் கேட்ட குழந்தைக்குச் செய்தி வெறும் சத்தமாக இராது.

போரைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போரில் பள்ளிகளும் ஆய்வுக்கூடங்களும் அழிந்துபோன நாடுகளின் ஆசிரியர்களுக்காக, கையில் கிடைக்கிற சாமான்களைக் கொண்டு விஞ்ஞானம் கற்பிக்கும் வழிகளை ஸ்டீபன்சன் என்ற ஆங்கிலேய ஆசிரியர் தொகுத்து எழுத, யுனெஸ்கோ அதை 1948-இல் வெளியிட்டது. ஆய்வுக்கூடம் என்பதையே கண்டிராத நாடுகளுக்கும் அது பயன்பட்டது. 1956-இல் அது விரிந்து பெரிய மூலநூலாக வந்தது. தமிழில் பெ. நா. அப்புசுவாமி போன்றோர் பல்லாண்டுகள் உழைத்து விஞ்ஞானத்தை எளிய நடையில் எழுதி வைத்தார்கள். 'துளிர்' போன்ற சிறுவர் இதழ்கள் அந்தப் பணியைத் தொடர்கின்றன. ஆகவே சாமான் இல்லை என்றோ நூல் இல்லை என்றோ நாம் சொல்ல முடியாது.

குழந்தைகளுக்காகப் பரிசோதனை நூல்கள் எழுதுகிறவர்களிடமும் பாடநூல் குழுவினரிடமும் என் வேண்டுகோள் இதுதான். பரிசோதனையைச் சொல்கிற பக்கத்திலேயே விளக்கத்தை அச்சிடாதீர்கள். நூலின் கடைசிப் பகுதிக்குத் தள்ளி வையுங்கள். மெழுகுவத்திப் பரிசோதனை வருகிற இடத்தில், இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றினால் என்ன ஆகும், டம்ளரைச் சுடுநீரில் அலசிக் கவிழ்த்தால் என்ன ஆகும் என்ற இரண்டு கேள்விகளைச் சேருங்கள். பிராணவாயு எரிந்து தீர்ந்த இடத்தை நீர் நிரப்புகிறது என்ற வாக்கியத்தை அடுத்த பதிப்பிலாவது நீக்கிவிடுங்கள்.